பேரீச்சம்பழத்துக்குப் போகாத லேப்டாப்!

காலேஜ் பசங்க அகராதியில் ‘பழசு’ என்ற வார்த்தைக்கு அதிகபட்ச ஆயுள் மூணு வருஷம். மூணு வருஷம் ஆன போன் பழசு. ஃபர்ஸ்ட் இயரில் எடுத்த ஜீன்ஸ் ஃபைனல் இயரில் பழசு. எத்தனை வருஷம் ஆனாலும் ஃப்ரெஷ்ஷாகவே இருப்பது அரியர் மட்டும்தான்!

கம்ப்யூட்டர் விஷயம் இன்னும் மோசம். அது எப்போது பழசாகும் என்று காலண்டரில் தேதியே குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கு அப்படிக் குறித்த தேதி 2025 அக்டோபர் 14. அதற்குப் பிறகு இலவச அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. வேண்டுமென்றால் பதிவு செய்துகொள்ளுங்கள், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறோம் என்று ஒரு வருஷம் கிரேஸ் டைம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு? விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் பாஸ் என்றார்கள்.

மாறலாம்தான். ஆனால், 2021-ல் வந்த விண்டோஸ் 11 வாசலில் ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்திருக்கிறது. ‘4 ஜிபி ராம் இருக்கா? 64 ஜிபி இடம் இருக்கா? டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு சிப் இருக்கா?’ என்று வரிசையாகக் கேட்பார். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 2017-ல் வந்த 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் ‘ஹால் டிக்கெட் இல்லாதவங்க வெளிய நில்லுங்க’ கதைதான். சுவர் ஏறிக் குதிக்கிற குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால், குதித்து உள்ளே போனவர்களுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நம் ஊரில் இந்த வாசலுக்கு வெளியே எத்தனை மெஷின்கள் நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஒன்று என்னுடையது. சரியாகச் சொன்னால், என் அக்காவுடையது.

கோபுர முத்திரை போட்ட சொத்து

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பித்தது. 2012-ல் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வந்த முதல் லேப்டாப். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், மூடியில் அரசு முத்திரை. எனக்கு அப்போது ஏழு வயசு. தொடக்கூட விடமாட்டாள்.

அந்தக் காலத்தில் வந்த லேப்டாப்களில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது இப்போது பலருக்கு மறந்திருக்கும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். வால்பேப்பரைக்கூட மாற்றவிடாத வெர்ஷன்! இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அக்கா கிளாஸில் லேப்டாப் வாங்கியவர்கள் அந்த வாரமே செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பாஸ் லினக்ஸை அழித்தது! ‘இது எதுக்குடி இடத்தை அடைச்சிக்கிட்டு’ என்று ஒருத்தி ஆரம்பித்து வைக்க, கிளாஸே ஃபாலோ பண்ணியிருக்கிறது.

அந்த லேப்டாப்பில்தான் அக்கா டிகிரி முடித்தாள், பேங்க் எக்ஸாமுக்கு ராத்திரி ராத்திரியாகப் படித்தாள், பயோடேட்டா அடித்தாள். கல்யாணமாகித் திருப்பூர் போனபோது, ‘இனிமே இது உனக்குடா’ என்று விட்டுவிட்டுப் போனாள். நடுவில் ஏதோ ஒரு கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ் 10 அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதே கொஞ்சம் ஓவர். தவழ்ந்தது!

பட்டனை அமுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு வந்தால் டெஸ்க்டாப் தெரியும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 4 நிமிஷம் 10 செகண்ட். பிரவுசர் திறக்க மேற்கொண்டு ஒன்றரை நிமிஷம். இதற்கிடையில் ஐந்தாவது செமஸ்டரில் பைத்தானில் ஒரு பிராஜெக்ட் வந்து நின்றது. லேப் சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர். போனில் கோடு அடிக்கலாம் என்று சொல்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என்னால் முடியாது.

பக்கத்து ஊர் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “தம்பி, இதைக் கொண்டுபோய்ப் போட்டா பேரீச்சம்பழம்கூடத் தரமாட்டான். 35,000 ரூபாயில புதுசு இருக்கு. ஈ.எம்.ஐ. போட்டுத் தர்றேன், எடுத்துக்கிறியா?”

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “தோட்டை வெச்சுரலாம்டா. படிக்கிற புள்ளைக்கு இல்லாம என்ன?” என்றார். அக்கா கல்யாணத்துக்கு வைத்த செயினே இன்னும் பேங்கிலிருந்து திரும்பி வரவில்லை. அம்மாவிடம் மிச்சம் இருந்தது அந்தத் தோடு மட்டும்தான்.

“ஒரு வாரம் டைம் குடும்மா” என்றேன்.

பந்தி சொல்லிக் கொடுத்த பாடம்

அந்த ஒரு வாரத்தில் நான் செய்த முதல் வேலை, டாஸ்க் மேனேஜரைத் திறந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. சும்மா சொல்லவில்லை. ‘ஸ்லோவா இருக்கு’ என்பது வியாதியின் பெயர் இல்லை, ‘உடம்பு சரியில்ல’ மாதிரி ஒரு புலம்பல். எங்கே வலிக்கிறது என்று பார்த்தால்தான் மருந்து தெரியும்.

பிராசஸர் 20, 30 சதவிகிதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. ராம் 90-ஐத் தாண்டி நின்றது. டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவிகிதம்... நகரவே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஏனென்றால், நான் முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிற ஆள்!

ராம் என்பது பந்தி. எத்தனை இலை போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஒரே நேரத்தில் சாப்பிட முடியும். ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூம். 2 ஜிபி ராம் என்பது சின்ன ஹால். அதில் விண்டோஸ் 10-ம், ஆன்டிவைரஸும், கூடவே ஆரம்பிக்கிற இன்னும் ஏழெட்டு புரோகிராமும் வந்து உட்கார்ந்ததுமே முக்கால் பந்தி நிறைந்துவிடுகிறது. அப்புறம் நாம் பிரவுசரைத் திறக்கிறோம். அது தனியாக வருகிற ஆள் இல்லை, பஸ் பிடித்துக் கூட்டத்தோடு வருகிற மாமா. ஒவ்வொரு டேபும் ஒரு குடும்பம்!

இடம் இல்லாதபோது ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன செய்கிறது? பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களை எழுப்பி ஸ்டோர் ரூமில் உட்கார வைக்கிறது. அவர்கள் முறை வந்ததும் திரும்பக் கூட்டி வருகிறது. இதைத்தான் ‘ஸ்வாப்’ என்கிறார்கள். ஸ்டோர் ரூம் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால், பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் சுற்றுகிற தட்டு. நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது செகண்டுக்கு 90. கேட்க வேகமாகத் தெரிந்தாலும், வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்து நிற்பதற்குள் ஒவ்வொரு தடவையும் சில மில்லி செகண்ட் போய்விடும். அங்கொன்று இங்கொன்றாகப் படிக்கச் சொன்னால் செகண்டுக்கு நூறு தடவை போய்வருவதே பெரிய விஷயம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டே கிடையாது. இதே வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும்.

ஆக, கிழடு தட்டியது பிராசஸருக்கு இல்லை. பந்தி சின்னது, ஸ்டோர் ரூம் ரொம்பத் தூரம். மேட்டர் அவ்ளோதான்!

‘பழைய மெஷினுக்குப் பழைய சாஃப்ட்வேர்’ சரியா?

இந்த இடத்தில் ஹாஸ்டல் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஐடியா கொடுத்தான்: “மச்சி, பேசாம அதுல விண்டோஸ் 7 போட்டுரு. பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போன மாதிரி, சும்மா பறக்கும்!”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்மில் நிறைய பேர் இதைத்தான் செய்கிறோம். ஆனால், விண்டோஸ் 7-க்கான அப்டேட் 2020 ஜனவரி 14-ல் முடிந்துபோன கதை. குரோம் பிரவுசர் 2023-ல் 110-வது வெர்ஷனிலிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. வருஷக்கணக்கில் ஓட்டை அடைக்காத பிரவுசரில் உட்கார்ந்து எக்ஸாம் ஃபீஸ் கட்டுவதும், ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் ஆதார் நம்பரும் பேங்க் கணக்கும் அடிப்பதும், பூட்டில்லாத வீட்டில் பீரோவைத் திறந்து வைத்த மாதிரி. கூடவே ‘கிராக்’ போட்ட காப்பி என்றால், சாவியையும் அவன் கையிலேயே கொடுத்தாச்சு.

என் முடிவு இதற்கு நேர் எதிர். பழைய மெஷினுக்குத்தான் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். ஆனால், அது சாப்பாட்டுக்கு வருகிறபோது கூட்டத்தோடு வரக்கூடாது. தனியாக வந்து ஓரமாக ஒரு இலையில் உட்காருகிற ஆளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் லினக்ஸ் குடும்பத்தில் நிறைய பேர். எக்ஸ்.எஃப்.சி.ஈ. டெஸ்க்டாப்போடு வருகிற லினக்ஸ் மின்ட், எல்.எக்ஸ்.கியூ.டி.யோடு வருகிற லுபுண்டு, எம்.எக்ஸ்., அதையும்விட எளிமையான ஆன்டிஎக்ஸ், பெண்டிரைவிலேயே குடித்தனம் நடத்துகிற பப்பி... கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸும் 2022 முதல் இருக்கிறது, ஆனால் அது 4 ஜிபி ராம் கேட்கும்.

டவுன்லோட் பண்ணுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். உங்கள் பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதனால் மெஷினும் 32 பிட் என்று நினைத்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்தால், ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனை பிட், பிராசஸர் எத்தனை பிட் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். என் மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டம் 32 பிட், பிராசஸர் 64 பிட். இத்தனை வருஷமாக ரெட்டை மாட்டு வண்டியை ஒத்தை மாட்டில் ஓட்டியிருக்கிறோம்!

நிஜமாகவே 32 பிட் பிராசஸர் என்றால் வழி குறுகல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் பி.சி. இன்ஸ்டாலரே கிடையாது. முந்தைய டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால அப்டேட் உண்டு. ஃபயர்ஃபாக்ஸும் 32 பிட் லினக்ஸை 144-வது வெர்ஷனோடு நிறுத்திக்கொண்டது. அந்த மெஷின்களை பாட்டு கேட்க, டைப் அடிக்க என்று வைத்துக்கொள்வதே மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணு மாப்பிள்ளை

லினக்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான். நிச்சயம் பண்ணுவதற்கு முன் பொண்ணும் மாப்பிள்ளையும் பேசிப் பார்க்கலாம்! பெண்டிரைவில் போட்டு அதிலிருந்தே மெஷினை ஆன் பண்ணினால், ஹார்டு டிஸ்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். ‘லைவ்’ என்று பெயர். வைஃபை வருதா, சவுண்டு வருதா, டச்பேடு வேலை செய்யுதா என்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் பெண்டிரைவை உருவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கிட்டத்தட்ட 3 ஜிபி ஃபைலை லேபில் டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற குட்டி புரோகிராம் மூலம் 8 ஜிபி பெண்டிரைவில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைப் பெண் பார்க்கக் கூட்டி வந்தேன். ஆன்டிஎக்ஸ் சும்மா காற்று மாதிரி இருந்தது, ஆனால் முகம் நான் பிறப்பதற்கு முந்தைய காலம். லுபுண்டு அளவாக, அழகாக இருந்தது. லினக்ஸ் மின்ட் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும், ‘மெனு’ கீழே இடது ஓரத்தில் இருந்தது. அம்மா கரன்ட் பில் கட்ட உட்கார்ந்தாலும் குழம்ப மாட்டார். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு என்பதும் சேர, மாப்பிள்ளை முடிவாகிவிட்டார்.

லைவில் வைஃபை தெரியவில்லை. சில வைஃபை சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி ‘டெதரிங்’ ஆன் பண்ணினேன். அந்த நொடியே நெட் வந்தது. டிரைவர் மேனேஜர் தானாகத் தேடி எடுத்துக்கொண்டது.

இன்ஸ்டால் பட்டனை அமுக்குவதற்கு முன் அக்காவுக்கு போன் போட்டேன். ஆயிரம்தான் என்னிடம் கொடுத்துவிட்டாலும், டிஸ்க்கில் பாதி அவள் சாமான்.

“டேய் தம்பி, என் லேப்டாப்பை என்னடா பண்ணப் போற?”

“ஃபுல்லா அழிச்சிட்டு லினக்ஸ் போடப் போறேன்க்கா. உனக்கு என்னென்ன வேணும்னு சொல்லு, எடுத்து வெச்சுடறேன்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பேங்க் எக்ஸாம் நோட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரு. அது இனிமே எதுக்கு... இருந்தாலும் எடுத்து வைடா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து அடிச்சது.” அப்புறம் பெரிதாகச் சிரித்தாள். “லினக்ஸா? அதைத்தானடா நாங்க மொத வாரமே தூக்கி எறிஞ்சோம். பதிமூணு வருஷம் கழிச்சு நீ திருப்பிக் கூட்டிட்டு வர்றியா?”

14 ஜிபி. எல்லாவற்றையும் ஒரு 32 ஜிபி பெண்டிரைவில் காப்பி பண்ணி, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துச் சரி பார்த்த பிறகுதான் பட்டனை அமுக்கினேன். நீங்கள் செய்வதாக இருந்தால், இந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

நாலு முகூர்த்தக் கணக்கு

முதல் சுற்றில் ஒரு பைசா செலவில்லை. அதே 2 ஜிபி ராம், அதே சுற்றுகிற டிஸ்க். ஆன் ஆகும் நேரம் 4 நிமிஷம் 10 செகண்டிலிருந்து 1 நிமிஷம் 35 செகண்டாக இறங்கியது. எதையும் திறக்காத நிலையில் சுமார் 750 எம்பி ராம் போதுமாக இருந்தது. நாலைந்து டேப் திறந்தால் மட்டும் மறுபடி மூச்சு வாங்கியது.

அதற்கு ஒரு வைத்தியம் ‘இஸட்ரேம்’. பந்தி பாஷையில் சொன்னால், ‘கொஞ்சம் நெருக்கி உக்காருங்கப்பா!’ ராமில் இருப்பதை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ராமுக்குள்ளேயே ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்வது. பிராசஸர்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, சுருக்குகிற வேலையை அது பார்க்கட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே டெக்னிக்தான் ஓடுகிறது. ஒரு சின்ன பேக்கேஜ் போட்டால் போதும்.

இரண்டாவது சுற்றில் பர்ஸைத் திறந்தேன். 240 ஜிபி எஸ்.எஸ்.டி. 1,450 ரூபாய். ரிச்சி ஸ்ட்ரீட் போன ஃப்ரெண்டிடம் சொல்லி வாங்கிய செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ராம் 550 ரூபாய். மொத்தம் 2,000. ஒரு முகூர்த்தத்துக்கு 500 சம்பளம் என்றால், நாலு கல்யாணத்துக்கு சாம்பார் வாளி தூக்கினால் முடிந்தது. ராம் வாங்குவதற்கு முன் பழையதைக் கழற்றி, அது டி.டி.ஆர்.3-ஆ, எத்தனை வோல்ட் என்று ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்வது அவசியம். தப்பானது வேலைக்கு ஆகாது. அடியில் நாலு ஸ்க்ரூ. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழையதை எடுத்துப் புதியதைச் செருகுவது ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதைவிடக் கொஞ்சம்தான் கஷ்டம்.

இப்போது ஆன் ஆக 28 செகண்ட். பல் தேய்க்க நேரமில்லை!

பைத்தான் பிராஜெக்ட்டை ஜீனி என்ற எடிட்டரில் எழுதி முடித்தேன். ரிப்போர்ட் லிப்ரே ஆபீஸில். தமிழ் டைப் பண்ண ஐபஸ், அதில் தமிழ்99 கீபோர்டு. ரிவ்யூ அன்று மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். மூடியில் இருந்த முத்திரையைப் பார்த்து ரெண்டு பேர் சிரித்தார்கள். டெமோ ஓடியதும் அவர்களே வந்து, “டேய், இதுல என்னடா போட்டிருக்க?” என்று கேட்டார்கள்.

தோடு? அம்மா காதிலேயேதான் இருக்கிறது.

ஓவர் பில்டப் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு லினக்ஸ் போட்டால் மாட்டு வண்டி வந்தே பாரத் ஆகிவிடும் என்று நினைத்தால், ஸாரி பாஸ்!

வீடியோதான் முதல் இடி. யூடியூப் இப்போது அனுப்புகிற வீடியோக்கள் பெரும்பாலும் வி.பி.9, ஏ.வி.1 என்ற புதிய வடிவங்களில் வருகின்றன. 2012 மெஷினின் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரிந்தது ஹெச்.264 மாதிரி பழைய பாஷைதான். தெரியாத பாஷையை பிராசஸரே தலையைப் பிய்த்துக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டும், ஃபேன் அலறும். 480-ல் பார்த்தால் பிரச்னை இல்லை. ஹெச்.264-ல் மட்டும் கேட்டு வாங்குகிற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டால் 720 ஓடுகிறது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்ற பூதங்கள் ஓடாது. ஃபோட்டோஷாப் லினக்ஸுக்குக் கிடையாது. கேமரா வைத்துக் கண்காணிக்கிற சில ஆன்லைன் தேர்வு சாஃப்ட்வேர்கள் விண்டோஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அந்தத் தேர்வு வருகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். வேர்டில் அடித்த ஃபைல் லிப்ரே ஆபீஸில் கொஞ்சம் நெளியும், அதனால் சப்மிட் பண்ணும்போது பி.டி.எஃப். ஆக்கிவிடுவது நல்லது. டிபார்ட்மென்ட்டில் பழைய யூனிகோட் இல்லாத தமிழ் ஃபான்ட்டில் சர்க்குலர் வந்தால், பூச்சி பூச்சியாகத்தான் தெரியும்.

டெர்மினலைப் பார்த்ததும் பயப்படுகிறவர்களுக்கு, 2012 முதல் கணியம் இதழில் தமிழிலேயே லினக்ஸ் கட்டுரைகள் வந்திருக்கின்றன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு மாதிரி தன்னார்வலர் கூட்டங்களும் உண்டு. இங்கிலீஷ் தகராறு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

பழசு என்றால் என்ன?

லினக்ஸைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தது இன்டெல் 386 பிராசஸர் வைத்த ஒரு பி.சி.யில். 2012 டிசம்பரில் அதே 386-க்கான ஆதரவை லினக்ஸிலிருந்தே நீக்கினார்கள். பிறந்த வீட்டையே இடித்தாச்சு! ஆக, எந்த மெஷினுக்கும் சாகாவரம் கிடையாது. என் லேப்டாப்புக்கும் ஒரு நாள் வரும்.

ஆனால், அந்த நாளை யார் குறிப்பது என்பதுதான் கேள்வி. கம்பெனி காலண்டரா, கடைக்காரரின் ஈ.எம்.ஐ. ஸ்லிப்பா, இல்லை பக்கத்து சீட்டுக்காரனின் புது லேப்டாப்பா? மெஷினை வைத்து நமக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று எழுதிப் பார்த்தால், பாதிப் பேருக்கு டைப் அடிப்பது, படிப்பது, ஃபாரம் போடுவது, கொஞ்சம் கோடு எழுதுவதோடு லிஸ்ட் முடிந்துவிடும். அந்த லிஸ்ட்டை மெஷினால் பாதுகாப்பாக முடிக்க முடிகிற வரைக்கும் அது பழசு இல்லை. முடியாத அன்றைக்கு, போன மாசம் வாங்கியதாக இருந்தாலும் அது பழசுதான்.

என் கதை பரவி, ஹாஸ்டலில் இதுவரை அஞ்சு லேப்டாப் என் கட்டிலுக்கு வந்தன. அதில் மூணு எழுந்து நடக்கின்றன. ஒன்றில் போர்டே போயிருந்தது, ‘இது தேறாதுடா’ என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினேன். அஞ்சாவதுக்கு எதுவுமே தேவைப்படவில்லை. ஸ்டார்ட் ஆகும்போது கூடவே ஓடிவந்த பதினோரு புரோகிராமை நிறுத்தியதும், விண்டோஸிலேயே நன்றாக ஓடியது!

அதனால், உங்கள் வீட்டிலும் அக்காவோ அண்ணனோ விட்டுப்போன மெஷின் ஒன்று இருந்தால், முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. பர்ஸை அப்புறம் திறக்கலாம்!